சால ஈந்த கை

பெங்களூர் வைட்ஃபீல்டில் பதினாறு மாடி அடுக்ககம் ஒன்றின் தமிழ் மன்றம், தமயந்திக்கு இருபத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய் பாக்கி வைத்திருந்தது. பொங்கலன்று நூற்று நாற்பத்திரண்டு இலை, இலைக்கு இருநூறு என்று பேசிப் போட்ட சாப்பாட்டுப் பணம். பொங்கல் போய் ஆடியும் வந்துவிட்டது.

தமயந்தியைத் தெரியாது என்று சந்தாபுராவில் ஒருத்தர் சொன்னால், அவர் அந்த ஊருக்கு நேற்றுதான் குடிவந்திருப்பார். ஹலசூரில் ஒற்றை அறை வீட்டில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டு, பதினான்கு வயதில் கல்யாண மண்டபத்தில் அண்டா கழுவப் போனவள். இன்று அறுபத்தொரு வயதில் சொந்த மெஸ், சொந்த கூட்ஸ் ஆட்டோ, சம்பளம் வாங்கும் மூன்று பெண்கள். யாரும் கைதூக்கி விடவில்லை. தூக்கிவிட வந்த இரண்டு பேரும் இவள் கடையில்தான் இன்னும் சாப்பிடுகிறார்கள். "என் சாம்பாரைக் குறை சொல்ற நாக்கு இன்னும் பொறக்கல" என்பாள். உண்மைதான், பிறக்கவில்லை.

மெஸ்ஸுக்குப் பக்கத்துக் கடை காலியாகியிருந்தது. சுவரை இடித்து இரண்டையும் ஒன்றாக்கினால் இன்னும் எட்டு மேஜை போடலாம். அட்வான்ஸில் இருபத்தைந்தாயிரம் குறைந்தது. திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் மொபைல் கவர் விற்பவனுக்குக் கொடுத்துவிடுவேன் என்று கட்டடச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார்.

மன்றத்தின் தலைவர் கவியரசன். பெரிய கம்பெனியில் பெரிய வேலை. பெயர் வைத்தபோதே பெற்றோர் பாதிப் புலமையைக் கொடுத்துவிட்டார்கள். மீதியை அவர் ஜிப்பா தைத்துச் சரிக்கட்டிக்கொண்டார். ஞாயிறுதோறும் கிளப் ஹாலில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பழைய பாட்டுகளுக்குப் பொருள் சொல்வார். உவமை எது, உருவகம் எது, பாட்டு சொல்லும் நீதி எது என்று பிரித்துப் பிரித்துக் காட்டுவார். பணம் கேட்கப் போனால் அவர் பேச்சிலும் அதெல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும். "பணம் பேங்க்ல இருக்கற மாதிரின்னு நெனச்சுக்குங்க அக்கா" என்றால் உவமை. "நான்தான் உங்க பேங்க்" என்றால் உருவகம். பேங்க் மட்டும் திறந்தபாடில்லை.

அந்த வகுப்புக்கு வாராவாரம் போண்டா கொண்டுபோவது தமயந்திதான். போண்டாவுக்குப் பெற்றோரே கையில் காசு கொடுத்துவிடுவார்கள். வாசலில் பாத்திரத்தோடு நிற்கும்போது பிள்ளைகள் ஒரு பாட்டை உருப்போடுவது கேட்கும்:

சால ஈந்த கைக்கு நிலவே விளக்காகும்;
ஈயா மனைக்குப் பகலும் இருள்.

பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு 'சாலா' என்றால் கடன். கன்னடத்தில் அதுதான் அர்த்தம். ஹலசூர்த் தமிழரும் "சாலா வாங்கியிருக்கேன்" என்றுதான் சொல்வார்கள். தமயந்திக்கு மனசெல்லாம் குளிர்ந்துபோயிற்று. "சின்னப் பசங்களுக்கே சாலா விஷயத்தப் பாட்டா கத்துத் தர்றாரு. அந்த மனுஷனா நம்ம துட்ட அமுக்கப் போறாரு?" என்று ஆட்டோவில் வந்த பெண்களிடம் சொன்னாள். மூன்று ஞாயிறு பணம் கேட்காமலே திரும்பினாள்.

நான்காவது ஞாயிறு, அதே பாட்டுக்குப் பொருள் சொல்லும் போட்டி. ஹால் நிறையப் பெற்றோர். தமயந்தி எண்பது தட்டு டிபனோடு ஓரமாக நின்றாள். மறுநாள் திங்கட்கிழமை, இன்று கேட்டே தீருவது என்று வந்திருந்தாள். போட்டி முடிந்ததும் கவியரசன் மைக்கைப் பிடித்தார்.

"தமிழ் நம்மகிட்ட மட்டுமா இருக்கு? உழைக்கிற மக்கள்கிட்டயும் இருக்கு! நம்ம தமயந்தி அக்கா இந்தப் பாட்டுக்குப் பொருள் சொல்லட்டும். வாங்கக்கா, மேல வாங்க!" என்றவர், போட்டோ எடுப்பவரைப் பார்த்துத் தலையாட்டினார்.

தமயந்தி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். மைக் என்றால் அவளுக்கு என்ன பயம்? ஐந்நூறு பேர் பந்தியில் மைக் இல்லாமலே பேசியவள்.

"சால ஈந்த கைன்னா சாலா குடுத்தவ கை சார். பாவம், இருந்த துட்டெல்லாம் தூக்கிக் குடுத்துட்டா. கரண்ட் பில்லு கட்டக் காசில்ல, லைன கட் பண்ணிட்டாங்க. நிலா வெளிச்சத்துல உக்காந்து வெங்காயம் உரிக்கறா. அதான், நிலாவே வெளக்கு!"

ஹால் அதிரச் சிரித்தது. கவியரசன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அருமை, அருமை! சரிக்கா, அடுத்த வரி?"

"ஈயா மனைன்னா வாங்கினதைத் திருப்பித் தராத வூடு. குடுத்தவ வந்து பெல்லு அடிச்சா, பட்டப்பகல்ல ஸ்க்ரீன இழுத்துவுட்டு, லைட்ட நிறுத்திட்டு, ஆள் இல்லாத மாதிரி உக்காந்திருப்பாங்க. பகலும் இருட்டு." பிள்ளைகளுக்கு உதாரணம் சொன்னால் நன்றாகப் புரியும் என்று அவர்தானே வாராவாரம் சொல்வார். தமயந்தியும் சொன்னாள். "போன மாசம் ஒங்க வூடு இருந்துச்சே சார், அப்டி. டிவி மட்டும் உள்ள பேசிட்டிருந்துச்சு."

சிரிப்பு பாதியில் நின்றது.

மூன்றாவது வரிசையிலிருந்து ரெமிஜியஸ் எழுந்தார். ரயில்வேயில் ரிட்டயரானவர், பி பிளாக். "தமயந்திம்மா, எந்தச் சாலா?"

"பொங்கல் சாப்பாட்டு சாலாதான் சார். இன்னும் வரல."

"தலைக்கு முந்நூறு எங்ககிட்ட வாங்கினீங்களே, கவி?"

"அது வந்து... மன்றத்துக்கு வேற செலவுகள் இருந்துச்சு. மேடை, மைக், பொன்னாடை..."

"யாருக்குப் பொன்னாடை?"

கவியரசன் மைக்கைத் தட்டிப் பார்த்தார். அது நன்றாகத்தான் வேலை செய்தது. முன்வரிசையில் இருந்த அவர் மனைவி வைஷ்ணவி சொன்னாள்: "அவருக்குத்தான். வீட்ல ஆறு கெடக்கு. சாப்பாட்டுப் பணம் அன்னிக்கே குடுத்தாச்சுன்னுதான் என்கிட்ட சொன்னாரு." சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு லிஃப்டை நோக்கி நடந்தாள்.

கவியரசன் கடைசியாகத் தம் புலமையைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். "பிள்ளைகளே, அக்கா சொன்ன பொருள் தவறு. 'சால' என்றால் மிகுதியாக. நிறையக் கொடுப்பவனுக்கு நிலவே விளக்காகும் என்று..."

"நெறைய எதுக்கு சார்?" என்றாள் தமயந்தி. "இருபத்தெட்டாயிரத்து நானூறு போதும்."

"இப்பவே போன்ல அனுப்பிடறேன்கா."

"பேடா சார், வேணாம். போன்ல ஆறு மாசமா சுத்திட்டே இருக்கு."

வைஷ்ணவி ஒரு கவரோடு வந்து அதைக் கணவர் கையில் திணித்தாள். மேடையிலேயே கவியரசன் நோட்டுகளை எடுத்தார். தமயந்தி வலக்கையை அகல விரித்து நீட்டினாள். "வாய்விட்டு எண்ணுங்க சார், பசங்க கேக்கட்டும்."

எண்ணினார். முப்பத்தொன்றில் இரண்டு நோட்டு ஒட்டிக்கொண்டு வந்தது. "ரெண்டா வருது பாருங்க, ஒண்ண எடுங்க" என்று அவளே சொன்னாள். ஐந்நூறு ரூபாய் நோட்டு ஐம்பத்தாறு முடிந்தது. பிறகு நூறு, இன்னொரு நூறு, மூன்றாவது. நான்காவது நூறும் உள்ளங்கையில் விழுந்த பிறகுதான் தமயந்தி விரல்களை மடக்கினாள்.