சரளா அக்காவின் ஸோல் பாட்டு

மான்செஸ்டரில் நான் வேலை பார்க்கும் கிடங்கில், மதியச் சாப்பாட்டின்போது யாரும் யாருக்கும் ஒரு வாய் சோறு தருவதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் முறை வைத்து ஆளுக்கொரு பாட்டு போடுவார்கள். போன வாரம் என் முறை. பதின்மூன்று வயதில் ஒரு கறுப்பினச் சிறுவன் பாடிய ஸோல் இசை ஆல்பத்திலிருந்து ஒன்றைப் போட்டேன். மேற்பார்வையாளர் கெவின் புன்னகையோடு, "இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். உங்கள் ஊர்ப் பாட்டு ஏதாவது போடுங்களேன்," என்றார். "இதுதான் எங்கள் ஊர்ப் பாட்டு," என்றேன். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள்.

பெங்களூருக்குப் பக்கத்துத் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், தொழிலாளர் குடியிருப்பில் எங்கள் லைன் வீட்டில் அந்த இசைத்தட்டு சுழலாத ஞாயிறு கிடையாது. சுரங்கத்தில் அப்பாவின் போர்மேன், ஒரு ஆங்கிலோ இந்தியர், ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகும்போது பிளேயரோடு அதையும் கொடுத்துவிட்டுப் போனார். ஷிப்ட் முடிந்து அப்பா தூங்குவார். சரளா அக்கா சத்தத்தைக் குறைத்து வைத்துக் கூடவே உதடு அசைப்பாள். இங்கிலீஷ் அரைகுறைதான். ஆனால் அந்தப் பையன் எங்கே மூச்சை இழுக்கிறான், எங்கே வேண்டுமென்றே குரலை உடைக்கிறான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பதினாறு வயதில் ஒரு பாட்டுப் போட்டியில் அதைப் பாடினாள். இரண்டு வரி முடிவதற்குள் நடுவர் கை காட்டி நிறுத்தினார். "இன்னாம்மா இது? நம்ம பாட்டு ஒன்னு பாடு." அக்கா என்னைப் பார்த்தாள். முன்வரிசையில் இருந்த நான், "சினிமா பாட்டு பாடுக்கா, மானம் போவுது," என்றேன். அவள் எதுவும் பாடாமல் இறங்கிப் போனாள்.

கெவின் சொன்னதை நான் அக்காவிடம் அன்றைக்கே சொல்லியிருக்கிறேன். அது உறைத்ததும் சாப்பாட்டைப் பாதியில் விட்டு வெளியே வந்து அக்காவை அழைத்தேன். அங்கே மாலை நேரம். பெங்களூரில் வேலை முடிந்து ஊர் திரும்பும் ரயிலில் இருந்தாள். நடந்ததைச் சொன்னேன். "மன்னிச்சிடுக்கா. என்னாலதான் நீ பாட்றத உட்ட."

"உட்டேன்னு யார்றா சொன்னது?" அவள் குரல் சுட்டது. "இருபது வருஷமா இதே டிரெயின்ல பாட்றேன். நீ எப்பனா கேட்டியா? போன் பண்ணா மழை பெஞ்சுதா, உடம்பு இன்னா, அவ்ளோதான். எவனோ உன்ன சொன்னாத்தான் என் ஞாபகம் வருமா?"

அங்கே யாரோ ஒரு பெண், "ஹாடி அக்கா," என்று கன்னடத்தில் பாடச் சொல்லிக் கெஞ்சினாள். அக்கா போனை அணைக்காமலே பைக்குள் போட்டுவிட்டாள் போலிருக்கிறது. ரயில் இரைச்சலுக்கு மேலே அவள் பாட ஆரம்பித்தாள். மெட்டு அந்தப் பையனுடையது. வரிகள் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் அவளே கட்டியவை. பெட்டி முழுக்கப் பெண்கள் கை தட்டிக் கூடவே பாடினார்கள். கிடங்கில் இடைவேளை முடிந்த மணி அடித்தது. அந்தப் பாட்டில் ஒரு வரிகூட எனக்குத் தெரியாது.