குழாய்க்குள் போன பந்து

போர் முடிந்த பிறகு, தலைமன்னார் வீதியோரம் போகும் பழைய இரும்புத் தண்ணீர்க் குழாயைச் சோதிக்கும் வேலை எங்களுக்கு வந்தது. பந்து போன்ற ஒரு கருவி. ஒரு முனையில் குழாய்க்குள் விட்டால், தண்ணீரோடு உருண்டுபோய் மறுமுனையில் வலையில் விழும். ஒழுக்கு இருக்கும் இடத்தின் சத்தத்தைப் பதிந்துகொண்டு வரும். அதைக் கணினியில் கேட்டு, தோண்ட வேண்டிய இடத்தை நான் குறித்துக் கொடுப்பேன்.

தோண்டுபவர்களில் ஒருவரை அண்ணை என்று கூப்பிடுவேன். போர்க் காலத்தில் அவருடைய தம்பியை இராணுவத்தினர் அந்த வீதியில்தான் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. ஒவ்வொரு குழிக்கும் முன்னால் அண்ணை சிலுவை போட்டுக்கொள்வார்.

முன்பு இராணுவ முகாம் இருந்த வெளியில் பந்து ஒரு பெரிய ஒழுக்கைக் காட்டியது.

“அண்ணை, மெசினைக் கொண்டுவரச் சொல்லட்டோ?”

“வேண்டாம் தம்பி. நான் கையாலயே வெட்டுறன்.”

இடுப்பளவு ஆழத்தில், குழாய்க்குப் பக்கத்தில், எலும்புகள் தெரிந்தன. அண்ணை மண்வெட்டியைக் கீழே போட்டார். வேலையை நிறுத்தினோம். பொலிஸ் வந்து கயிறு கட்டியது. யார் சொன்னார்களோ, அண்ணையின் அம்மாவும் ஆட்டோவில் வந்து இறங்கினார். அழவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு குழியையே பார்த்தபடி நின்றார்.

மத்தியானம் வந்த வைத்தியர் அதிக நேரம் எடுக்கவில்லை. “மாட்டு எலும்பு” என்றார்.

பொலிஸ்காரர் சிரித்துக்கொண்டே கயிற்றை அவிழ்த்தார். அண்ணை மணலில் குந்தி, முகத்தை முழங்காலுக்குள் புதைத்தார். நிம்மதியா, ஏமாற்றமா, எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

அம்மா என்னிடம் வந்தார்.

“தம்பி, நீங்கள்தானே அந்தப் பந்தை விடுறனீங்கள்?”

“ஓம் அம்மா.”

“அது மனிசரையும் காட்டுமோ?”

“இல்லை அம்மா. தண்ணி ஒழுகிற சத்தம் மட்டும்தான் அதுக்குக் கேக்கும்.”

அவர் தலையை ஆட்டினார். “சரி மோனே, இன்னும் எங்கயெல்லாம் வெட்டுவியள்?”

கணினித் திரையைத் திருப்பிக் காட்டினேன். அவருக்கு அது விளங்கியிருக்காது. ஆனாலும் சிவப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

பின்னேரம் குழாயைத் துடைத்தோம். உப்பு அரித்து, இரும்பு பிஸ்கட் போல உதிர்ந்தது. அந்தத் துண்டை வெட்டியெடுத்துப் புதியதைப் பொருத்தினோம்.

மற்றப் புள்ளிகளிலும் அண்ணைதான் வெட்டினார். மெசினை ஒருநாளும் கிட்ட விடவில்லை. எல்லாக் குழியிலும் துருவும் ஈர மணலும்தான் வந்தன.