பானுப்ரியாவும் பாதியில் நிற்கும் வண்டியும்

ஆரணியில் பட்டுப்புடவை வியாபாரம் செய்யும் பானுப்ரியாவுக்கு நாற்பது வயதுக்கு மேல் கார் ஓட்டும் ஆசை வந்தது. வந்த ஆசையைச் சும்மா விடுகிற ஆள் இல்லை அவள். லைசென்ஸ் எடுத்தாள், பெரிய எஸ்யூவி ஒன்று வாங்கினாள், தேசூர், பெரணமல்லூர் என்று புடவை மூட்டையோடு தானே ஓட்டிக்கொண்டு போனாள். லாரிக்காரன் ஹாரன் அடித்தால் அதைவிட நீளமாக இவள் அடிப்பாள். ஸ்டியரிங்கைப் பிடித்தால் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில்தான் மண் விழுந்தது. சந்தவாசல் சாலையில் போய்க்கொண்டிருந்தபோதே எஞ்சின் அணைந்து, ஸ்டியரிங்கும் பிரேக்கும் இறுகிவிட்டன. பின்னால் வந்த பஸ் மயிரிழையில் விலகியது. அப்புறமும் இரண்டு தடவை அதே கதை. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனாலோ, டாக்டரைக் கண்டதும் இறங்கிவிடும் காய்ச்சல் மாதிரி ஒழுங்காக ஓடியது.

"வண்டில ஒரு குறையும் இல்லீங்க மேடம். நீங்க ஓட்டுற விதம்தான்..." என்று இழுத்தார் மேனேஜர் பிரபாகரன்.

வீட்டிலும் அதே பாட்டுத்தான். "இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? டிரைவர் ஒருத்தரைப் போட்டுடலாம்" என்றார் கணவர் ராஜவேலு. பானுப்ரியாவுக்கு அழுகையே வந்துவிட்டது. வண்டி போனாலும் போகட்டும், ஓட்டத் தெரியாதவள் என்ற பெயரோடு பின்சீட்டில் உட்கார அவளால் முடியாது.

"நீங்களே ஓட்டிப் பாருங்க சார்" என்று நச்சரித்து, ஒரு காலையில் பிரபாகரனை வீட்டுக்கே வரவழைத்தாள். அவர் ஓட்ட, இவள் பக்கத்தில், ராஜவேலு பின்னால். ஊரைச் சுற்றியும் வண்டி ஒரு தும்மல்கூடப் போடவில்லை. பிரபாகரன் விசிலடித்தபடி நெசவாளர் தெருவின் இறக்கத்தில் திருப்பினார்.

அங்கே பாவு போட்டிருந்தார்கள். புடவைக்கான பட்டிழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிப் பதப்படுத்தும் வேலை அது. பாவு போட்ட தெருவென்றால் மாப்பிள்ளை ஊர்வலமே சுற்றிக்கொண்டுதான் போகும். வெளியூர்க்காரரான பிரபாகரனுக்கு அது எங்கே தெரியும்?

"யோவ் நிறுத்து! பாவு போட்டுகினு இருக்கோம்ல!" என்று அலறினார் நெசவாளர் பரசுராமன்.

அந்த நேரம் பார்த்து எஞ்சின் அணைந்தது. பிரபாகரன் பிரேக்கை மிதி மிதியென்று மிதித்தார். பெடல் கல்லாக இறுகியது, வண்டி தன்பாட்டுக்கு உருண்டது. பானுப்ரியா ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பாவுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது.

வேர்த்து விறுவிறுத்து இறங்கிய பிரபாகரனைத் தெருவே சூழ்ந்துகொண்டது.

"ஓட்டத் தெரியாம எதுக்குய்யா வண்டி எடுத்துகினு வரே?" என்று பாய்ந்தார் பரசுராமன்.

"ஐயோ, எனக்கு நல்லா ஓட்டத் தெரியுங்க! எஞ்சின் தானா ஆஃப் ஆயிடுச்சி. சத்தியமா வண்டிலதாங்க கோளாறு!"

பானுப்ரியாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இன்னொரு வாட்டி சத்தமா சொல்லுங்க சார், எங்க வூட்டுக்காரருக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்றாள். தெருவே சிரித்தது.

எஞ்சினைக் கழற்றிப் பார்க்க சர்வீஸ் சென்டர்காரர்கள் வண்டியை இழுத்துப் போனார்கள். மதியமே மாற்று வண்டி வாசலுக்கு வந்தது. ராஜவேலு சாவியை வாங்கி, மனைவி கையில் வைத்தார்.

"பெரணமல்லூருக்குத்தானே போறே? நானும் வரட்டா?"

"ஜல்தி ஏறுங்க, பெல்ட்டைப் போடுங்க" என்றாள் பானுப்ரியா.