வண்டியில் ஆம்பளைங்க யாரும் வரலியா?

அந்த ஆள் குனிந்து எங்கள் காருக்குள் எட்டிப் பார்த்தது இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அண்ணி உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் நான். அவனோ எங்கள் இருவரையும் தாண்டிப் பின் சீட்டைப் பார்த்தான். அங்கே என் கல்யாணப் பத்திரிகைக் கட்டுகள்தான் இருந்தன. அச்சகத்திலிருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்னால் யாரும் இல்லை என்று நன்றாகத் தெரிந்துகொண்ட பிறகுதான் நிமிர்ந்து, "வண்டில ஆம்பளைங்க யாரும் வரலியா?" என்று கேட்டான். பட்டுக்கடை வாசலிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்து, நேராகப் போய்க்கொண்டிருந்த எங்களை இடித்தவன் அவன்தான். என் பக்கத்துக் கதவு உள்ளே மடங்கி முழங்கையில் குத்திக்கொண்டிருந்தது.

"நான்தான் ஓட்டிக்கினு வந்தேன். எங்கிட்டயே பேசுங்க" என்றார் அண்ணி. அவன் காதில் அது ஏறவே இல்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, காரின் முகப்பில் கட்சிக்கொடி. "உன் வூட்டுக்காரர் நம்பரக் குடும்மா" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டான். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. யார் இடித்தது, எப்படி இடித்தது என்று எதுவும் பார்க்காதவர்கள்கூட, "லேடீஸ் ஓட்டினா இப்டித்தாம்பா" என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். நானும் லேடீஸ்தானே, யார் கேட்பார்கள்?

எங்கள் வீடு செவிலிமேட்டில். காரை வாங்கியது அண்ணன், ஒழுங்காக ஓட்டக் கற்றுக்கொண்டது அண்ணி. அண்ணன் விடிந்ததும் கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர் போய்விடுவான். காய்கறி, ஆஸ்பத்திரி, கோயில், கல்யாண வேலை எல்லாம் அண்ணி ஓட்டத்தில்தான் நடந்தன. ஏகாம்பரநாதர் கோயில் பக்கத்துச் சந்துகளில்கூட, எதிரே ஆட்டோ வந்தால் பதறாமல் பின்னால் எடுத்து வழிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சாவியை எடுத்தால் நான் எனக்குத் தலைவலி என்று சொல்லிவிடுவேன்.

வேறு வழியில்லாமல் அண்ணி அண்ணனுக்குப் போன் போட்டார். அந்த ஆள் போனை வாங்கிக்கொண்டு, "சார், உங்க வீட்டம்மா வந்து இடிச்சி உட்டுட்டாங்க சார்" என்று குழைந்தான். போன் திரும்பி வந்ததும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "என்னா பண்ண நீ?" அடிபட்டதா என்று அவன் கேட்கவில்லை. சாயந்திரம் வீட்டுக்கு வந்தும் அதே பாட்டுதான். "கடைத்தெருவுக்குள்ள உன்ன யாரு வண்டி எடுத்துக்கினு போவச் சொன்னது?" என்றான். அண்ணி தோசை வார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் வாய் துறுதுறுத்தது.

மறுநாள் அண்ணன் லீவு போட, காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். இன்சூரன்ஸ் ஏஜென்ட்டும் வந்திருந்தார். மெக்கானிக் கதவைப் பார்த்ததுமே, "ரிவர்ஸ்ல வந்து வுட்டுருக்கான் சார், இவங்க மேல ஒண்ணும் தப்பில்ல" என்று சொல்லிவிட்டார். இதையேதான் முந்தின நாள் முழுக்க நாங்கள் சொன்னோம். மெக்கானிக் சொன்னதும் அண்ணனுக்குப் புரிந்துவிட்டது.

ஏஜென்ட் அந்த ஆளிடம் பேசிவிட்டு ஒரு சமாதானத்தோடு வந்தார். அவன் ஸ்டேஷனில் தப்பை ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுப்பானாம், செலவு மொத்தத்தையும் ஏற்றுக்கொள்வானாம். நாங்கள் இன்சூரன்ஸைத் தொடவே வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை. எங்கள் காரை ஓட்டி வந்தது அண்ணன் என்று எழுத வேண்டும். "ஒரு பொம்பளகிட்ட தப்ப ஒத்துக்கினேன்னு ஊர்ல பேசக்கூடாதுன்றாரு சார். சின்ன விஷயம்தானே" என்றார் ஏஜென்ட். அண்ணனுக்கும் சின்ன விஷயமாகத்தான் தெரிந்தது. கல்யாண வீட்டில் ஸ்டேஷன் வழக்கு எதற்கு என்று என்னையும் துணைக்கு இழுத்தான். என் கல்யாணத்தைக் காட்டி அண்ணியை டிரைவர் சீட்டிலிருந்து எழுந்திருக்கச் சொல்கிறானே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அண்ணி எங்களோடு ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்.

ஸ்டேஷனில் ரைட்டர் பேனாவை எடுத்து, "வண்டி ஓட்டினது யாரு?" என்று கேட்டார். அண்ணன் வாயைத் திறந்தான்.

"நான்" என்றார் அண்ணி. "ஓட்டினது நான். ரிவர்ஸ் எடுத்து இடிச்சது அவரு. ரெண்டையும் சேத்து எழுதுங்க சார்."

அந்த ஆள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப எழுதவே வேணாம்" என்று எழுந்து போய்விட்டான். கட்சிக்காரனைத் தடுக்காமல் ரைட்டரும் பேனாவை மூடி வைத்தார். வெளியே வந்ததும் அண்ணன் கத்தினான். "ஒரு வார்த்தம்மா. விட்டுக் குடுத்திருந்தா முடிஞ்சிருக்கும்."

"தப்பு எம்மேலன்னு நெனச்ச வரைக்கும் ஓட்டினது நான்தானங்க? இல்லன்னு தெரிஞ்சதும் நீங்களா?" என்று கேட்டார் அண்ணி. அவர் குரல் உயரவே இல்லை.

அப்புறம் எங்கள் இன்சூரன்ஸில்தான் கிளெய்ம் போட்டோம். சேதத்தை மதிப்பிட சர்வேயர் வந்து அண்ணியின் லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எவ்வளவு நாளாக ஓட்டுகிறீர்கள், போன் பேசிக்கொண்டு போனீர்களா என்று அவரைக் குடைந்தார். இடித்தவனிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதிதான் என்று கழித்தார்கள், கிளெய்ம் போட்டதால் அடுத்த வருஷப் பிரீமியத் தள்ளுபடியும் போயிற்று. தப்பு செய்யாத நாங்கள் கைக்காசு போட்டுக் கதவை மாற்றினோம். அவன் அதே கொடியோடு அதே தெருவில் போய்வந்துகொண்டிருந்தான்.

போன மாதம் என் மகளுக்குக் காதுகுத்து. சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சு எப்படியோ கார், இன்சூரன்ஸ் என்று போயிற்று. அண்ணன் வெற்றிலையை மடித்துக்கொண்டே ஆரம்பித்தான். "பட்டுக்கடத் தெருவுல நான் ஓட்டிக்கினு வரேன், ஒருத்தன் பாக்காம ரிவர்ஸ் எடுத்து வுட்டான் பாரு. ஸ்டேஷன் வரைக்கும் போயி, தப்பு உன்துன்னு எழுதுடான்னு நின்னேன்." எல்லாரும் தலையாட்டினார்கள்.

"அப்ப நான் எங்க இருந்தேன்?" என்று அண்ணி கேட்டார்.

"நீ பக்கத்து சீட்ல இருந்த" என்றான் அண்ணன், கொஞ்சமும் யோசிக்காமல்.

பொய் சொல்கிறவன் முகம் எனக்குத் தெரியும். அது அந்த முகமில்லை. அவனுக்கு அப்படித்தான் நினைவிருக்கிறது. பொய் என்றால் அங்கேயே சண்டை போட்டிருப்பேன். இதற்கு என்ன செய்வது என்று தெரியாமல்தான் எழுதி வைக்கிறேன். பக்கத்து சீட்டில் இருந்தது நான். ஓட்டியது அண்ணி. அண்ணன் அப்போது ஸ்ரீபெரும்புதூரில், கம்பெனியில் இருந்தான்.