மஞ்சள் தாள், மூன்றாம் ஆட்டம்

10 டிசம்பர் 2019, செவ்வாய். இன்று ஒரு தவறு செய்தேன். பிங்கோ முடிந்ததும் இரவுப் பாட்டு வரிசையை ஏற்றாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று என் நாட்குறிப்பில் இவ்வளவுதான் எழுதினேன். மீதியை எழுதக் கை வரவில்லை. இன்று திங்கள், இப்போதுதான் எழுதுகிறேன். நான் என்னையே சந்தேகப்படுகிறவள். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். இதையும் அப்படித்தான் இழுத்துப் பார்த்துவிட்டேன். இதில் ஒரு வரிகூட நான் இட்டுக்கட்டியது இல்லை.

என் பெயர் சுன்னிவா. நார்வேயின் வடக்கே ஸ்கார்வோய் தீவில் நானும் அப்பாவும் இருக்கிறோம். எங்கள் வானொலி நிலையம் பழைய மீன் கிடங்கின் மாடியில் இரண்டே அறை. செவ்வாய் மாலை ஆறு முதல் ஏழு வரை பிங்கோ. நாங்கள் எண்களை வாசிக்க வாசிக்க, எங்களிடம் வாங்கிய தாளில் அவற்றை அடித்தபடி தீவே பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்கும். ஆட்டத்துக்கு ஒரு நிறத் தாள்; முதலில் ஒரு வரிசை, பிறகு இரண்டு வரிசை நிறைந்தவர் தொலைபேசியில் "பிங்கோ" என்று சொன்னால் பரிசு. அதில் வரும் காசில்தான் நிலையம் ஓடுகிறது. மற்ற நேரமெல்லாம் கம்ப்யூட்டர் தானாகவே பாட்டுப் போடும். லினக்ஸில் ஓடும் இலவச நிரல். மாலை வகுப்பில் கற்றதை வைத்து நானே நிறுவியது. பாட்டுத் தீர்ந்து முப்பது விநாடி நிசப்தமாக இருந்தால், அவசரத்துக்கென்று வைத்திருக்கும் அக்கார்டியன் இசையை அது தொடங்கிவிடும். என் கைபேசிக்கும் செய்தி வரும். பலமுறை சோதித்திருக்கிறேன். ஒருமுறைகூடத் தவறியதில்லை.

அன்று பிங்கோ முடிந்ததும் நிலையத் தலைவி ஹால்டிஸ் கோட்டை மாட்டிக்கொண்டாள். "கம்ப்யூட்டர் மகாராணி, பூட்டிட்டு வந்துடு. நாலு தடவை பூட்டாத, ஒரு தடவை போதும்."

மைக்கை அணைத்தேன். கதவுக்கு மேலிருக்கும் சிவப்பு விளக்கு அணைந்தது. மைக் திறந்திருந்தால் மட்டுமே எரியும் விளக்கு அது. அணைந்ததை நன்றாகப் பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன்.

மாலை 7:40. வீட்டில் மீன் உருண்டையைச் சூடுபண்ணிக்கொண்டிருந்தேன். ஜன்னலோர வானொலியில் பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டு வரவில்லை. அப்போதுதான் என் தவறு உறைத்தது. சரி, அக்கார்டியன் வரட்டும் என்று மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன்.

பத்து எண்ணுவதற்குள் ஒரு பெண் குரல் வந்தது.

"மஞ்சள் தாள். மூன்றாம் ஆட்டம். தொடர்கிறோம். இருபத்தெட்டு... இருபத்தெட்டு."

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். "அட! நம்ம போர்கில்ட் குரலாச்சே இது!"

ஹால்டிஸுக்கு முன்னால் பிங்கோ எண்களை வாசித்தவர் போர்கில்ட். ஏழு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாயன்று, மூன்றாம் ஆட்டத்தின் நடுவில், மைக்குக்கு முன்னாலேயே தலை சாய்ந்துவிட்டார். மருத்துவப் படகு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. யாருக்கும் ஒரு வரிசைகூட நிறையாமல் அந்த ஆட்டம் அப்படியே நின்றுபோனது. அப்பாவின் முதல் வரிசையில் ஒரே ஓர் எண்தான் பாக்கி. அறுபத்து நான்கு. அந்த மஞ்சள் தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஏழு வருடமாகப் புலம்பிக்கொண்டிருக்கிறார்.

இப்போது அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு பேனாவைத் தேடினார்.

"அப்பா, விளையாடாதீங்க."

"போடி. ஹால்டிஸ் பழைய ரெக்கார்டிங்கப் போட்டுக் கிண்டல் பண்றா. கிறிஸ்மஸ் வருதுல்ல."

போர்கில்ட் வாசித்த எண்கள் பழைய பதிவில் இருக்கலாம். ஆனால் இவை... அவர் வாசிக்காமல் விட்டுப்போன எண்கள். அவை எந்தப் பதிவில் இருக்க முடியும்?

கோட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். குளிர்காலத்தில் எங்கள் ஊரில் சூரியன் உதிக்காது; அதைப் பார்த்து இரண்டு வாரமாகிவிட்டது. தெருவிளக்குத் தவிர எல்லாம் இருட்டு. பனியில் ஹால்டிஸும் நானும் வந்துபோன காலடிச் சுவடுகள் மட்டும்தான். நான் பூட்டிவிட்டுப் போன பிறகு வேறு யாரும் வந்திருக்கவில்லை.

7:52. பூட்டு, பூட்டியபடியே இருந்தது.

மாடிக்குப் போனேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மைக் அறையின் கண்ணாடி வழியே பார்த்தேன். நாற்காலி காலி. மைக்கின் பொத்தான் நான் விட்டபடி அணைந்தே இருந்தது. ஆனால் கம்ப்யூட்டர் திரையில் ஒலி அளவைக் காட்டும் பச்சைக் கோடு... ஏறியது. இறங்கியது. ஏறியது.

நிரல் தவறவில்லை. நிசப்தம் இல்லாததால்தான் அது இசையைத் தொடங்கவில்லை.

ஹெட்போனை மாட்டினேன்.

"ஐம்பத்தொன்று... ஐம்பத்தொன்று."

பிறகு மூச்சு. கோப்பையில் ஸ்பூன் கலக்கும் சத்தம். டிங்... டிங்... டிங்...

மேசையில் கோப்பையே இல்லை.

"ஏழு... ஏழு."

தொலைபேசி அடித்தது.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு எடுத்தேன். கிழவர் ஒருவரின் குரல். தூரத்தில் கேட்டது.

"பிங்கோ. ஒரு வரிசை. வடகரை அஸ்லாக் பேசறேன்."

தாளின் எண்ணையும் சொன்னார். இங்குதான் நான்... எங்கள் வழக்கம் அது. பிங்கோ என்று யாராவது சொன்னால், தாள் எண்ணைத் திருப்பிச் சொல்லி, ஏற்றுக்கொண்டோம் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால்தான் வெற்றி செல்லும். இரண்டு வருடமாக வாரம் தவறாமல் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

சொல்லிவிட்டேன்.

"ஏற்றுக்கொண்டோம்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான். தொலைபேசியை வைத்துவிட்டுத் தாள் எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

சிவப்பு விளக்கு அணைந்தது.

பச்சைக் கோடு படுத்தது.

முப்பது விநாடி.

அக்கார்டியன்.

என் கைபேசி அதிர்ந்தது. "நிசப்தம் கண்டறியப்பட்டது."

மறுநாள் காலை ஒலிபரப்புப் பதிவை ஹால்டிஸுக்குப் போட்டுக் காட்டினேன். முதலில் சிரித்தபடிதான் ஹெட்போனை மாட்டினாள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு போய்விட்டது.

"அவதான். ஸ்பூன இப்படித்தான் கலக்கிட்டே இருப்பா. எத்தன தடவ திட்டியிருக்கேன்..."

"அடுத்த வாரம் பிங்கோவ நிறுத்திடலாமா?"

"நிறுத்தினா நிலையத்தையே மூடணும், சுன்னிவா." கோட்டை எடுத்தாள். "அஸ்லாக்குக்குப் பரிசு இருக்குன்னு சொல்லணும்ல. நானே போய்ட்டு வரேன்."

போய்ப் பார்த்துவிட்டு அவள்தான் போலீஸைக் கூப்பிட்டாள். அஸ்லாக் வானொலிக்கு முன்னால் நாற்காலியில் இருந்தாராம். மேசையில் அந்தப் பழைய ஆட்டத்தின் மஞ்சள் தாள், ஒரு வரிசை நிறைந்து. காதோடு தொலைபேசி. முந்தைய நாள் மாலையில் இதயம் நின்றுபோனதாக டாக்டர் சொன்னார்.

வடகரையில் தொலைபேசிக் கம்பியை இலையுதிர் காலத்திலேயே கழற்றிவிட்டார்கள். அவர் கையிலிருந்த தொலைபேசியின் வயர் எதிலும் சொருகப்படவில்லை.

நான் அந்தப் பதிவை மறுபடி கேட்டேன். நான் ஹெட்போனைக் கழற்றிய பிறகு வந்த பகுதியை. "ஏற்றுக்கொண்டோம்" என்று என் குரல் தொலைவில் கேட்கிறது. பிறகு, மைக்குக்கு மிக அருகில், போர்கில்டின் குரல்.

"ஒரு வரிசை முடிந்தது. இனி இரண்டு வரிசைக்கு. அறுபத்து நான்கு... அறுபத்து நான்கு. அடுத்த செவ்வாய் தொடர்வோம்."

புதனன்றே மைக்கின் வயரைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மாலை, வயரே இல்லாத மைக்குக்குச் சிவப்பு விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது.

இன்று காலை அப்பா காபி குடிக்கும்போது குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தேன். மஞ்சள் தாளில் அறுபத்து நான்கின் மேல் புதுப் பேனாக் கோடு. முதல் வரிசை நிறைந்துவிட்டது. இரண்டாவது வரிசையில் ஓர் எண் மட்டும் பாக்கி. பன்னிரண்டு.

"அந்தத் தாளக் குடுத்துடுங்கப்பா. அஸ்லாக்குக்கு என்ன ஆச்சுன்னு தெரியும்ல?"

"அஸ்லாக்குக்கு எண்பத்தொம்போது வயசுடி. ஏழு வருஷமா காத்திருக்கேன். இப்பப் போய்க் குடுப்பேனா?" என்று சிரித்தார். தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நாளை செவ்வாய். செய்ய வேண்டியவை: பாட்டு வரிசையை மறக்காமல் ஏற்றுவது. அப்பா மதியம் தூங்கும்போது அந்தச் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து அடுப்பில் போடுவது. எடுக்க முடியாமல் போனால், ஏழு மணிக்கு மேல் தொலைபேசி அடித்தாலும், அப்பா குரலே கேட்டாலும், அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருப்பது.