மாரிமுத்து பெயருக்கு வந்த பதில்

ராக்கம்மா காலமான செய்தி பாடாங் செராயிலிருந்து தொலைபேசியில் வந்தது. "அம்மா இல்லீங்க பெரியம்மா" என்றாள் அவர் மகள். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். 'இல்லை' என்ற சொல்லை வாயில் வரவிடாமலே ஒரு காலத்தைக் கடந்தவர் ராக்கம்மா. நம் கோயில் பந்தியில் சோற்று வாளியோடு எல்லாரையும் அதட்டியவராக அவரை நீங்கள் அறிவீர்கள். அந்தக் குரல் ஒரு தோட்டத்தின் வீடுகளைக் காப்பாற்றியது என்று சொல்ல இப்போது என்னைத் தவிர யாரும் இல்லை.

மலாயாவில் ஜப்பான்காரன் காலம். எங்கள் ரப்பர் தோட்டத்து ஆண்களைச் சயாமுக்குத் தண்டவாளம் போட லாரியில் ஏற்றிப் போனார்கள். பால்மரம் வெட்டிய மாரிமுத்து, ராக்கம்மாவின் கணவர், போனார். சின்னக் கிராணியாக எழுத்து வேலை பார்த்த என் வீட்டுக்காரரும் அதே லாரியில் போனார். பிறகு புதுக் கிராணி ஒருவர் வந்தார். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது யாருக்குப் பதில் வரவில்லையோ அவருடைய வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றார். தோட்டத்து வழக்கம் அதுதான். வேலையில் பெயர் இருக்கும்வரை வீடு. பெயரை அடித்துவிட்டால் வீடும் போகும்.

பெண்கள் அழுதார்கள். ராக்கம்மா முன்னால் போய் நின்றார்.

"எங்க ஆளுங்க வேலைய விட்டுட்டா ஓடிட்டாங்க? நீங்க ஏத்தி அனுப்புன வேலைக்குத்தானே போயிருக்காங்க. அப்புறம் பேரு எப்படிப் போவும்?"

"கூப்பிட்டா யாராச்சும் பதில் சொல்லணும்லா."

"நாங்க சொல்றோம்."

"நீங்களா? புருஷன் பேரையே வாயால சொல்லமாட்டீங்க."

"பேர நீங்க சொல்லுங்க ஐயா, அதுக்குத்தானே சம்பளம். பதில மட்டும் நாங்க சொல்றோம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். மரவள்ளிக் காட்டில் வேலை செய்யக் கிராணிக்கும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஒப்புக்கொண்டார். ஆனால், ஆள் செத்த செய்தி வந்தால் அன்றே வீட்டை விட வேண்டும். ஒரு வீட்டில் அதை மறைத்தது தெரிந்தாலும் எல்லா வீடுகளும் காலி என்று சொல்லிவைத்தார்.

கிராணி மனைவி பெரட்டில் நிற்பதா என்று நான் தயங்கினேன். "கூரை இல்லாம நிக்கிறதுக்கு இது தேவல, கிராணியம்மா. தலையச் சீவிக்கிட்டு வாங்க" என்றார். கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்த எனக்கு, இங்கே இல்லாதவரை 'இருக்காரு' என்று சொல்லும் அந்தப் பதிலே உறுத்தியது. அதற்கும் அவரிடம் விடை இருந்தது: "எங்க இருக்காருன்னா கேட்டாரு? இருக்காருன்னுதானே சொன்னோம். அது பொய்யா?"

ஒரு மாலை, சயாமிலிருந்து தப்பிய ஒருவர் பெண்டாங் வயல்களைக் கடந்து நடந்தே வந்து, என் அடுக்களை வாசலில் சோறு கேட்டார். ராக்கம்மா என்னோடு உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். மாரிமுத்து வாந்திபேதியில் இறந்ததையும், தானே குழி தோண்டியதையும் வந்தவர் சொன்னார், கேட்பது யார் என்று அறியாமல். என் வீட்டுக்காரரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கையிலிருந்த கிழங்கை முழுதும் உரித்துப் போட்ட பிறகே ராக்கம்மா நிமிர்ந்தார்.

"வேற யாருகிட்ட சொன்னீங்கண்ணே?"

"யாருகிட்டயும் சொல்லலம்மா."

"சொல்லாதீங்க. சாப்பிட்டுப் போங்க."

மறுநாள் பனிக்குள் நின்று கிராணி கூப்பிட்டார்: "மாரிமுத்து."

"இருக்காரு."

குரல் நேற்றைப் போலவே இருந்தது. நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி. கருமாதி இல்லை, ஒப்பாரி இல்லை. ஒரு விளக்காவது ஏற்றக் கூடாதா என்று கேட்டேன்.

"ஏத்துனா பக்கத்து வீட்ல ஏன்னு கேப்பாங்க. அழுதுருவேன். எல்லா வீடும் போயிரும். உங்க வீட்டுக்காரரு திரும்பி வந்தா எந்தக் கதவத் தட்டுவாரு?"

அதன்பின் ஒவ்வொரு விடியலிலும் அந்தப் பெயர் வருமுன்பே என் முதுகு சில்லிடும். பதில் ஒலித்ததும், வரிசையில் ராக்கம்மாவுக்குப் பக்கத்தில் ஒருவர் வந்து நிற்பதாகத் தோன்றும். திரும்பிப் பார்க்க மாட்டேன்.

ஜப்பான்காரன் தோற்றுப் போன பிறகு ஒருநாள் என் கதவு தட்டப்பட்டது. எலும்பும் தோலுமாக என் வீட்டுக்காரர் நின்றார். அதே வீடு, அதே கதவு. ராக்கம்மா கஞ்சி கொண்டுவந்து, அவர் குடித்து முடிக்கும்வரை இருந்தார். பிறகு கொல்லைப் பக்கம் போய் என்னைக் கூப்பிட்டார்.

"மாரிமுத்து செத்துட்டாரு, கிராணியம்மா" என்றார்.

கணவரின் பெயரை அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகுதான் அழுதார்.

அன்று அந்தக் கதவு வழியாக வந்தவரோடு நான் பல்லாண்டு வாழ்ந்தேன். அவரும் போய்விட்டார். அவர் பெயரை நான் அண்மைவரை வாயால் சொன்னதில்லை, இங்கும் எழுதவில்லை. ராக்கம்மாவைத் தகனம் செய்துவிட்டுத் திரும்பிய மறுநாள், பாக்கார் ஆராங்கில் விளக்குப் போடாத என் வீட்டில், விடியலில் என் வீட்டுக்காரரின் பெயரை முதன்முறையாகச் சொன்னேன். இப்போது தினமும் சொல்கிறேன். பதில் ராக்கம்மாவின் குரலில் வருகிறது.