குரங்கு வைத்த ஜன்னல்

காலை ஆறு மணிக்கு லூர்துசாமி ஜன்னலைத் துடைப்பார். வேர்த்திருக்கும் கண்ணாடியை முதலில் புறங்கையால் ஒருதரம் தொட்டுப் பார்ப்பார், காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொடுவது போல. பிறகு தோளில் கிடக்கும் மஞ்சள் துணியை நாலாக மடித்து, வலது மேல்மூலையில் ஆரம்பித்து, அரை வட்டம் அரை வட்டமாகக் கையை வீசிக்கொண்டே இடப்பக்கம் வருவார். பஸ்ஸின் வைப்பர் போவது போலவே போகும் அந்தக் கை. துடைத்து முடித்ததும் நாற்காலியை நடுவிலிருந்து ஒரு முழம் வலப்பக்கம் தள்ளிப் போடுவார். உட்கார்ந்து, ஜன்னல் சட்டத்தில் திருகியிருக்கும் சின்னக் கண்ணாடியைச் சுண்டுவிரலால் ஒரு நூல் அளவு திருப்புவார். பழைய பஸ் ஒன்றின் பக்கவாட்டுக் கண்ணாடி அது. அதில் அவருக்குப் பின்னால் அடுப்படி தெரியும். அடுப்படியில் அவர் மனைவி இசபெல்லா தெரிவார். அந்த முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் லூர்துசாமி எதிரே இருக்கும் மலையைப் பார்ப்பார்.

அட்டுவம்பட்டியில் அவர்களுக்கு மேல்சரிவில் ஓர் அறையில் நான் குடியிருந்தேன். தபால் நிலையத்துக்கு நான் வேலைக்குப் போகும் வழி அந்த ஜன்னலுக்கு முன்னால்தான் இறங்கும். அந்த வீடு எழும்பியதிலிருந்து எனக்குத் தெரியும்.

லூர்துசாமி மலைப்பாதையில் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர். எழுபத்தேழில் ஓய்வு பெற்றபோது அவர்கள் இருந்த வாடகை வீட்டில் ஒரே ஒரு ஜன்னல். தலையை நீட்டினால் காது மாட்டிக்கொள்ளும். கொடைக்கானலின் பழைய வீடுகள் பலவும் அப்படித்தான், குளிருக்குப் பயந்து கட்டியவை. கல் சுவர், கனத்த கதவு, உள்ளே எந்நேரமும் சாயங்காலம்.

"மலைய மொத ஆளா நின்னு பாத்தவன் தம்பி நான்" என்பார். "இப்ப டிக்கிக்குள்ள போட்ட மூட்டை மாதிரி கெடக்கேன்."

அந்தச் சமயத்தில் ஏரிக்குப் பின்னால் மேட்டில் ஒரு டாக்டர் புது மாதிரி வீடு கட்டியிருந்தார். கூடத்தின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. ஏதோ சோலியாக அங்கே போன லூர்துசாமி, வெளியே நிற்கும் பேரிக்காய் மரம் கூடத்துக்குள் நாற்காலிகளோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, போன சோலியை மறந்து திரும்பி வந்துவிட்டார். அட்டுவம்பட்டியில் வாங்கிப் போட்டிருந்த மனையில் வீடு கட்டும் பேச்சு அப்போது நடந்துகொண்டிருந்தது. பள்ளத்தாக்குப் பக்கத்துச் சுவர் முழுக்கக் கண்ணாடிதான் என்று அன்றைக்கே அறிவித்துவிட்டார்.

இசபெல்லா கன்னியர் மடத்தில் இருபது வருடம் ரொட்டி சுட்டவர். அடுப்பின் பக்கத்திலேயே நின்று பழகிய உடம்பு.

"அது வீடா, பஸ்ஸா?" என்றார்.

"ரெண்டுந்தான்."

"மார்கழியில பஸ்ஸுக்குப் போர்வை போத்துவீங்களோ?"

இந்தச் சண்டை ஒரு மழைக்காலம் முழுக்க நடந்தது. வீட்டுக்குள் மட்டுமல்ல, தெருவிலும். தண்ணீர்க் குழாயடியில் இசபெல்லாவுக்கு ஆதரவு அதிகம். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் பத்துப் பேர் நிற்கையில் தீர்ப்பு வந்தது. தீர்ப்பைச் சொன்னவரும் இசபெல்லாதான்.

"அஞ்சடி. அதுக்கு மேல ஒரு அங்குலம் போச்சு, நான் திண்டுக்கல்ல எங்கக்கா வீட்டுக்குப் போயிருவேன். நீங்களும் ஒங்க கண்ணாடியும் குடும்பம் நடத்துங்க."

இதை விளையாட்டு என்று லூர்துசாமியால் எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு சேவலை விற்ற விஷயத்தில் கோபித்துக்கொண்டு அறுபத்தொன்பதில் இசபெல்லா மூன்று மாதம் திண்டுக்கல்லில் இருந்தவர். அதுவும் எப்படிப்பட்ட பயணம்! அவருக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது. பெண்கள் இருக்கையில் முக்காட்டை இழுத்துவிட்டு, எலுமிச்சம்பழத்தை மூக்கில் அழுத்திக்கொண்டு, பெருமாள்மலையில் மூடும் கண்ணை அடிவாரத்தில்தான் திறப்பார். புருஷன் இருபத்தாறு வருடம் ஓட்டிய பாதையை ஒருநாளும் கண்ணால் பார்த்தவரில்லை. அப்படிப்பட்டவர் பஸ் ஏறுகிறேன் என்கிறார் என்றால் ஏறத்தான் செய்வார். கட்டிய வீட்டில் தனியாக உட்கார்ந்து மலையைப் பார்க்க லூர்துசாமி தயாராக இல்லை. அஞ்சடிக்குச் சம்மதித்தார்.

எழுபத்தொன்பது தை மாதம் வேலை ஆரம்பமானது. கொத்தனார் நாச்சிமுத்து, பழனிக்காரர், மனையிலேயே தகரக் கொட்டகை போட்டுத் தங்கிக்கொண்டார். சுவர் முழங்கால் உயரம் வந்ததும் லூர்துசாமி அதன்மேல் இரண்டு செங்கற்களை நிறுத்தி வைத்தார். இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல் வரை ஜன்னல், சரியாக அஞ்சடி. வைத்துவிட்டுக் கண்ணாடி தேடிப் பழனிக்குப் போனார். அங்கே பழைய இரும்புக் கடை ஒன்றில் கழித்துக்கட்டிய பஸ்கள் இரண்டை உடைக்கிறார்கள் என்று தகவல் வந்திருந்தது. பழைய பஸ்ஸின் முன்கண்ணாடி வளைவில்லாதது. இரண்டு துண்டாக இருக்கும். ஒரு துண்டு இரண்டரை அடி. அஞ்சடிக்கு இரண்டு துண்டு போதும். மலையேறுகையில் இரண்டு உடைந்தால் என்ன செய்வது என்று நாலாக வாங்கினார்.

கண்ணாடியைக் கழற்றி வாங்க எட்டு நாள் ஆனது. நாலையும் போர்வைகளில் சுற்றி, பஸ்ஸின் கடைசி வரிசையில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஓட்டியவர் அவரிடம் தொழில் கற்றவர். அன்றைக்கு அந்த பஸ் ஒவ்வொரு வளைவிலும் பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றியது மாதிரி வந்ததென்று அதில் வந்தவர்கள் சொன்னார்கள். ஒரு கண்ணாடியில்கூடக் கீறல் விழவில்லை.

கண்ணாடியை இறக்கி வைக்க நானும் ஒரு பக்கம் பிடித்தேன். வீட்டைப் பார்த்த லூர்துசாமி நடுவழியில் நின்றுவிட்டார். சுவர் எழும்பி, மேலே காங்கிரீட் விட்டமும் போட்டாகிவிட்டது. ஜன்னலுக்கு விட்ட இடைவெளி எட்டடி.

"கொத்தனாரே, என்ன இது?"

"ஜன்னலுங்கண்ணே."

"அஞ்சடி எங்கய்யா?"

"அதுவும் இதுக்குள்ளதான் கெடக்கு."

"ஏய்யா, நான் கல்லு வச்சிட்டுல்ல போனேன்?"

நாச்சிமுத்து கரண்டியைக் கழுவத் தொடங்கினார். "கல்லப் பாத்துத்தாண்ணே நான் கட்டுனேன். எடதுபக்கக் கல்லு எட்டடியிலதான் நின்னுச்சு. குரங்கு எதுவும் நகட்டி வச்சிருக்கும். இங்கதான் ஏகப்பட்டது திரியுதே."

லூர்துசாமியின் முகத்தில் முதலில் வந்தது சிரிப்பு. எட்டடியில் மலை அவ்வளவு நன்றாகத் தெரிந்தது. அதற்கப்புறம்தான் பயம் வந்தது.

"இடதுபக்கம் மூணடிய அடைச்சிரும். வெரசா. அவ பாக்குறதுக்குள்ள."

"பச்சைக் காங்கிரீட்டு. இப்பக் கை வைக்கக் கூடாது."

நாலு நாள் கழித்துக் கேட்டபோது கரிநாள் என்றார். அதற்கப்புறம் அமாவாசை. "நீங்க வேதக்காரங்க, நாள் பாக்க வேணாம். கரண்டி பிடிக்கிற கை என்னுதுல்ல?" என்றார். கரிநாளும் அமாவாசையும் முடிந்ததும் சுண்ணாம்பு சரியில்லாமல் போனது.

ஞாயிறுதோறும் பூசை முடிந்து இசபெல்லா சாப்பாடு கொண்டுவருவார். லூர்துசாமி இடது மூன்றடியில் சாக்குகளைத் தொங்கவிட்டு, முன்னால் பலகைகளைச் சாய்த்து வைத்தார். முதல் ஞாயிறு அந்தச் சாக்குகளை இசபெல்லா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"காத்து பலமா அடிக்குதோ?"

"ஆமா... சிமெண்டு காயணும்ல, அதான்."

"காயட்டும், காயட்டும்" என்று சொல்லிவிட்டுத் தூக்குவாளியைத் திறந்தார். லூர்துசாமி சாக்கை முதுகால் மறைத்து உட்கார்ந்து சாப்பிட்டார்.

கோயில் சாமியார் வந்து வீடு மந்திரிக்கும் நாள் மே மாதம் முதல் ஞாயிறு என்று முடிவானது. மூன்றடி அடைபடவில்லை. சும்மா கிடந்த கண்ணாடிகளில் ஒன்றை எடுத்து மிச்ச அரையடிக்கு அகலச் சட்டம் வைத்து லூர்துசாமியே மூன்றாவதாகப் பொருத்தினார், காற்றாவது வராமல் இருக்கட்டும் என்று. அதன்மேல் மறுபடி சாக்கு. சனிக்கிழமை சாயங்காலம் என்னிடம் சொன்னார்:

"சாமியார் இருக்கும்போதே சொல்லிப்புடுறேன் தம்பி. அவரு முன்னால சத்தம் போடமாட்டா. அவரு போனப்புறம் பஸ்ஸு ஏறுனா ஏறட்டும்."

"ஏறமாட்டாங்க" என்றேன். எனக்கே நம்பிக்கையில்லை.

மறுநாள் சாமியார் தீர்த்தம் தெளித்தபடி ஒவ்வொரு வாசலாக, ஒவ்வொரு ஜன்னலாக வந்தார். பின்னால் மெழுகுவர்த்தியோடு இசபெல்லா. அவருக்குப் பின்னால் பாதித் தெரு. கூடத்துக்கு வந்த சாமியார் சாக்குக்கு முன்னால் நின்று, தெளிக்கத் தூக்கிய கையை அப்படியே வைத்துக்கொண்டு லூர்துசாமியைப் பார்த்தார். லூர்துசாமி முன்னால் போய்ச் சாக்கைப் பிடித்து இழுத்தார்.

பனி அப்போதுதான் விலகிக்கொண்டிருந்தது. கீழே வில்பட்டிப் பாதை ஒவ்வொரு வளைவாக வெளியே வந்தது. பாதைக்கு அந்தப் பக்கம் பூண்டு வயல்கள், அதற்கு மேல் மலை, மலைக்கு மேல் மிச்சமிருந்த மேகம். எட்டடியும் நிறைந்திருந்தது. எல்லாரும் மலையைப் பார்க்காமல் இசபெல்லாவைப் பார்த்தார்கள்.

"கொத்தனாரே" என்றார் இசபெல்லா. "அளவு தப்பிருச்சோ?"

"தப்பிருச்சுங்கக்கா."

"எம்புட்டு?"

"ஒரு மூணடி."

"எப்படி?"

நாச்சிமுத்து தரையைப் பார்த்தார். "குரங்குங்கக்கா."

"குரங்கு" என்று இசபெல்லா திருப்பிச் சொன்னார். மெழுகுவர்த்தியை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். "சரி. நின்னு சாப்பிட்டுட்டுப் போங்க. கோழி வெந்துருச்சு."

லூர்துசாமியின் குரல் கீச்சென்று வந்தது. "அப்ப திண்டுக்கல்லு?"

"வீட்டுல எலுமிச்சம்பழம் இல்ல" என்றார் இசபெல்லா.

சாமியாருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. தீர்த்தம் மூன்று கண்ணாடியிலும் விழுந்தது. பந்தியில் நான் நாச்சிமுத்துவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இசபெல்லாதான் பரிமாறினார். எங்களுக்கெல்லாம் தொடையும் நெஞ்சுக்கறியும் விழுந்தன. நாச்சிமுத்துவின் இலையில் மட்டும் மூன்று கரண்டியிலும் கழுத்துத் துண்டாகவே விழுந்தது. குழம்பில் எப்படி வருமோ அப்படித்தானே வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே இசபெல்லா ஒரு முக்காலியை இழுத்து இடதுபக்கக் கண்ணாடிக்கு முன்னால் போட்டுக்கொண்டார். கீழே ஒரு பஸ் முனகிக்கொண்டு ஏறியது.

"அது ஏன் அப்படி ஒடிஞ்சு திரும்புது?"

"கொண்டை ஊசி வளைவு."

"நீங்க ஓட்டுன ரோட்டுலயும் இதே மாதிரிதான் இருக்குமா?"

"இத விடப் பெருசு. பதினாலு பதினஞ்சு இருக்கும்."

"யேசுவே! இதுலயா என்னைய ஏத்திக்கிட்டுப் போனீங்க? கண்ணத் தொறந்து பாத்திருந்தா ஏறியே இருக்கமாட்டேன்."

இந்த பஸ்ஸில் அவருக்குக் குமட்டவே இல்லை. காப்பியோடு வந்து உட்கார்ந்தால் வெயில் ஏறும்வரை எழுந்திருக்கமாட்டார். மார்கழி வந்ததும், கண்ணாடி சுற்றி வந்த அதே போர்வைகளைத் தைத்து ஜன்னலுக்குத் திரையாக்கினார். "பஸ்ஸுக்குப் போர்வை போத்தியாச்சு" என்று லூர்துசாமி ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். எண்பத்திரண்டில் குறிஞ்சி பூத்தபோது, இவ்வளவு பெரிய கண்ணாடி வைத்தது டீக்கடையாகத்தான் இருக்கும் என்று சுற்றுலாக்காரர்கள் நேரே உள்ளே வந்து நாலு டீ சொன்னார்கள். இசபெல்லா போட்டுக் கொடுத்தார். அவர்கள் போன பிறகு, "ஆனா வடை கேட்டது ரொம்ப அதிகம்" என்றார்.

தெருக்காரர்களுக்கு அது குரங்கு வைத்த ஜன்னல். நாச்சிமுத்துவுக்கும் அதனால் நஷ்டமில்லை. அட்டுவம்பட்டியில் அடுத்து வீடு கட்டிய இரண்டு பேர் அவரைக் கூப்பிட்டு, "அந்தத் தப்பையே எங்களுக்கும் போட்டுக் கொடுங்க" என்றார்கள்.

எண்பத்தாறில் எனக்குப் பழனிக்கு மாற்றலானது. ஒருநாள் அடிவாரத்துக் காப்பிக் கடையில் நாச்சிமுத்துவைப் பார்த்தேன். லூர்துசாமி எப்படி இருக்கிறார், இசபெல்லா எப்படி இருக்கிறார் என்று கேட்டுவிட்டு, டம்ளரைக் கீழே வைத்தார்.

"தம்பி, நீங்க யாருட்டயும் பேசுற ஆளில்ல. அதனால சொல்றேன்" என்றார். "அண்ணன் கண்ணாடிக்குப் போன மூணாம் நாளு, அந்தக்கா மடத்துல இருந்து நேரா மனைக்கு வந்தாங்க. அண்ணன் நாற்காலி எங்க வரும்னு கேட்டாங்க. காட்டுனேன். அப்படின்னா எனக்கு எடம் இங்கதான்னு இடதுபக்கம் ஒரு சிமெண்டு மூட்டை மேல உக்காந்தாங்க. ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க. அங்க சுவருதான் வரணும், ஜன்னல் இல்ல. எந்திரிச்சாங்க. அண்ணன் வச்ச கல்ல அவங்களே தூக்கிட்டு வந்து மூணடி தள்ளி வச்சாங்க. 'அஞ்சடி அவருக்கு. இது எனக்கு. தெருவெல்லாம் நின்னு கத்திப்புட்டு இப்ப எந்த வாயால கேக்குறது? நீங்களா ஒரு காரணம் சொல்லிக்கங்க'ன்னாங்க. அண்ணன் வந்து கேக்கயில அவசரத்துக்கு எனக்குக் குரங்குதான் தம்பி வாயில வந்துச்சு. அதுக்குத்தான் அன்னைக்குப் பந்தியில அம்புட்டுக் கழுத்துத் துண்டு."